துன்பமெல்லாம் பலியாகுமா? எபிரெயர் 10:14-உம் கொலோசெயர் 1:24-உம்

கேட்டவர்: வேதபாடக்குழு

அனைவருக்கும் வணக்கம். நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் குழு ஒன்றுக்காக "பாடுகளும் பலியும்" என்று நான்கு வாரப் பாடம் தயாரிக்கிறேன். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது.

கிறிஸ்து "ஒரே பலியினாலே" என்றென்றைக்கும் பூரணப்படுத்திவிட்டார் என்கிறது எபிரெயர் 10:14. கொலோசெயர் 1:24-இல் பவுல், கிறிஸ்துவின் உபத்திரவங்களில் "குறைவானதை" என் மாம்சத்திலே நிறைவேற்றுகிறேன் என்கிறார். நிறைவான பலியில் என்ன குறைவு?

அடுத்தது, "உங்கள் வேதனையை ஒப்புக்கொடுங்கள்" என்று நோயாளியிடம் சொல்வது வழக்கம். எப்படி ஒப்புக்கொடுப்பது என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. வலிமருந்து வேண்டாம் என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது அதில் சேருமா?

கடைசியாக, குழுவில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், சீர்திருத்தச் சபையினரும் இருக்கிறார்கள். எதுவரை சேர்ந்து பேசலாம், எங்கே பிரிகிறோம் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும்.

---

லேவி வாசகன்

மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல். பாடு, பலி இரண்டையும் ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். இதில் தமிழுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. "லாரி மோதி மூவர் பலி" என்று செய்தித்தாளில் படித்துப் படித்து, பலி என்றாலே அநியாயமாகச் சாவது என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தச் செய்தியில் உயிர் போகிறது. கொடுத்தவரும் இல்லை, பெற்றுக்கொண்டவரும் இல்லை. வேதாகமத்தில் பலி என்றால் கொடுப்பவர், கொடுக்கும் பொருள், ஏற்றுக்கொள்ளும் கடவுள் என மூன்றும் வேண்டும். பாடு என்பது "படு" என்ற வினையில் பிறந்த சொல், நம்மேல் வந்து விழுவது. விழுவது ஒன்று, கொடுப்பது இன்னொன்று.

ஆகவே முதல் வாரத்தை லேவியராகமம் 1 முதல் 7 வரை ஒதுக்குங்கள். வழக்கமாக இதைப் பத்தே நிமிடத்தில் தாண்டிக் கல்வாரிக்குப் போய்விடுவார்கள். குழப்பம் பிறப்பது அங்கேதான்.

சர்வாங்க தகனபலியை முதலில் வரிவரியாகப் பாருங்கள் (1:3-9). கொண்டுவருகிறவன் பழுதற்ற ஆண் மிருகத்தைக் கொண்டுவருகிறான், அதன் தலையில் கை வைக்கிறான், அவனே அதைக் கொல்கிறான். இரத்தத்தைப் பலிபீடத்தைச் சுற்றிலும் தெளிப்பது ஆசாரியர் வேலை. தோலுரிப்பதும் துண்டிப்பதும் மறுபடியும் கொண்டுவந்தவன் வேலை. நெருப்பும் விறகும் அடுக்குவது ஆசாரியர். குடல்களும் தொடைகளும் தண்ணீரில் கழுவப்பட்டபின் முழுவதும் எரிக்கப்படுகிறது. இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் பகுதியில், மிருகம் எவ்வளவு வேதனைப்பட வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. 17:11 பேசுவதும் இரத்தத்தில் இருக்கும் உயிரைப் பற்றித்தான், வலியைப் பற்றி அல்ல.

அதற்கடுத்த 2-ஆம் அதிகாரத்தைப் படித்துக் காட்டினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். போஜனபலி என்பது மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். உப்பு கட்டாயம், புளிப்பும் தேனும் எரிக்கக்கூடாது. உயிருமில்லை, இரத்தமுமில்லை, வலியுமில்லை. ஆனாலும் அது பலிதான். இதைவிட ஆச்சரியம் 5:11. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லாதவன் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய 2 லிட்டர், பாவநிவாரணபலியாகவே கொண்டுவரலாம். எண்ணெயும் தூபவர்க்கமும் அதில் சேர்க்கக்கூடாது. எபிரெயர் 9:22-இல் எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்று சொல்லுமுன் "கொஞ்சங்குறைய" என்று ஒரு சொல் நிற்கிறதே, அந்தச் சொல்லுக்குள் இந்த ஏழையின் மாவுக்கும் இடமிருக்கிறது.

சமாதானபலி ஒரு விருந்து. கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டம் ஆசாரியருக்கு, வலது முன்னந்தொடை இரத்தம் செலுத்தும் ஆசாரியனுக்கு, மீதி கொண்டுவந்தவன் வீட்டாருக்கு. ஸ்தோத்திரத்துக்கானது என்றால் அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக்கூடாது. ஒரே ஆள் தின்று தீர்க்க முடியாது என்பதால் பந்தி கூடியே ஆக வேண்டும். குற்றநிவாரணபலியில் வேறொரு கண்டிப்பு. பிறனுடையதைப் பறித்தவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும் (6:1-7). நூறு எடுத்தால் நூற்றிருபது. நீதியைச் செய்யாமல் பலியைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

இந்தப் பின்னணியோடு எபிரெயர் 10-க்கு வாருங்கள். 5 முதல் 10 வரை அது 40-ஆம் சங்கீதத்தை எடுத்து ஒரே வார்த்தையில் நிற்கிறது: உம்முடைய சித்தத்தின்படி செய்ய வருகிறேன். சிலுவையில் வேதனை உண்மை, கொடுமை உண்மை. ஆனால் அதைப் பலியாக்கியது வேதனையின் அளவு அல்ல, தம்மையே கொடுத்த அந்தச் சித்தம். வேதனையின் அளவுதான் காரணமென்றால் அதே நாளில் அதே இடத்தில் தொங்கிய மற்ற இருவரின் மரணத்தையும் நாம் பலி என்று சொல்லியாக வேண்டும். 11, 12 வசனங்களில் இன்னொன்றையும் காட்டுங்கள். ஆசாரியன் நாடோறும் நிற்கிறான், இவர் உட்கார்ந்தார். ஆசரிப்புக் கூடாரத்தின் தட்டுமுட்டுகளில் மேசை உண்டு, விளக்குத்தண்டு உண்டு, ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை இல்லை. அவன் வேலை முடிவதே இல்லை. இவருடைய வேலை முடிந்தது.

---

எண்ணெய்க்குப்பி

மேலே உள்ளதை அப்படியே ஏற்கிறேன். கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்குமுன் கொலோசெயர் 1:24.

அங்கே "உபத்திரவம்" என்று வருவது கிரேக்கத்தில் த்லிப்சிஸ். நெருக்கடி, ஒடுக்குதல் என்ற பொருள். பாவத்துக்காகக் கிறிஸ்து மரித்ததைச் சொல்ல புதிய ஏற்பாடு இந்தச் சொல்லை எடுப்பதில்லை. இரத்தம், சிலுவை, மரணம் என்றே சொல்லும். அதே அதிகாரத்தில் 20, 22 வசனங்களில் பவுலும் அப்படித்தான் சொல்கிறார், அங்கே குறைவு எதையும் அவர் காணவில்லை. பின் எது குறைவு? பிலிப்பியர் 2:30-ஐப் பக்கத்தில் வையுங்கள். பிலிப்பி சபை அனுப்பிய உதவியைச் சுமந்து வந்த எப்பாப்பிரோதீத்து, அவர்களுடைய ஊழியத்தின் "குறைவை" நிறைவாக்கினான் என்று அதே சொல் வருகிறது. காணிக்கையில் குறைவில்லை. அதை நேரில் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களால் முடியவில்லை, அதுதான் குறைவு. கொண்டுபோனவன் சாகும் அளவுக்கு நோயுற்றான். கொலோசெயரிலும் அப்படியே. நற்செய்தி மனிதரைச் சென்றடைய ஒருவர் நடக்க வேண்டும், அடிபட வேண்டும், சிறையில் இருக்க வேண்டும். பவுல் கட்டப்பட்ட நிலையில் எழுதுகிறார் (4:18). மறு வசனமே அவருக்கு ஒப்புவிக்கப்பட்ட பணியைப் பற்றியது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றி வெளியிட்ட திருத்தூது மடல் இந்த வசனத்தோடுதான் தொடங்குகிறது. மீட்பு முழுமையடையவில்லையா என்று அதுவே கேட்டு, இல்லை என்று மறுக்கிறது. நிறைவான மீட்பு, துன்பத்தில் வெளிப்படும் அன்புக்கு எப்போதும் திறந்திருக்கிறது என்பதே அதன் விளக்கம். கூட்டுவது அல்ல, உள்ளே சேர்த்துக்கொள்ளப்படுவது.

இனி ஒப்புக்கொடுத்தல். நடைமுறையில் இதை இந்த வரிசையில் சொல்லிக்கொடுங்கள். வரிசை மாறினால்தான் கெடுகிறது.

முதலில் மருத்துவம். சிகிச்சை கிடைக்கும் வலியைச் சிகிச்சையில்லாமல் விட்டுவிட்டு ஒப்புக்கொடுக்கச் சொல்லக்கூடாது. இரண்டாவது, நீக்கும்படி கேட்பது. கெத்செமனேயில் மூன்று முறை, தன் மாம்சத்தில் முள் என்று பவுல் சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று முறை (2 கொரிந்தியர் 12:8). கேட்காமல் நேரே "உமது சித்தம்" என்று தாண்டுவது இயேசுவின் ஜெபத்தில் முதல் பாதியை விழுங்கிவிடுவது. அதற்குப் பிறகுதான் கொடுத்தல், அதுவும் நோயாளி தானே விரும்பினால். கொடுப்பது வலியை அல்ல, வலியில் இருக்கும் தன்னை. "ஆண்டவரே, இந்த இரவையும் என்னையும் உம் கையில் வைக்கிறேன். இதை இன்னாருக்காக ஏற்றுக்கொள்ளும்" என்று ஒரு பெயரைச் சொன்னால் போதும். பெயர் சொல்வது முக்கியம். வலி மனிதரைத் தனக்குள்ளேயே சுருட்டிவிடும், ஒரு பெயர் அந்தச் சுருளைப் பிரிக்கும். திருப்பலிக்குப் போக முடிந்தவர் காணிக்கை நேரத்தில் இதைச் சொல்லலாம், படுக்கையில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும்.

கெடுவது எங்கே? பேரமாக மாறும்போது: "இவ்வளவு பொறுத்தேன், நீர் இதைத் தரவேண்டும்." கணக்காக மாறும்போது: அதிக வலி, அதிகப் புண்ணியம். எல்லாவற்றையும்விட மோசம், நலமாக இருப்பவர் நோயாளிக்கு இதை மருந்துச்சீட்டு போல எழுதிக்கொடுப்பது. தாவீது அர்வனாவின் களத்தை 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினான், இலவசமாய் வாங்கியதைப் பலியிடமாட்டேன் என்றான் (2 சாமுவேல் 24:24). பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு நோயாளியின் வலி இலவசமாய் வந்தது. அதைப் பலியாக்கும் உரிமை அவருக்கு இல்லை.

வலிமருந்து பற்றி: திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1957 பிப்ரவரி 24 அன்று மயக்கமருந்து மருத்துவர்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார். வலியைக் குறைக்க மருந்து தரலாம். வேறு வழி இல்லாதபோது அது ஆயுளைச் சிறிது குறைக்கக்கூடும் என்று தெரிந்தாலும், நோக்கம் சாவு அல்ல, வலி நீக்குவதுதான் என்றால் தரலாம். 1980 மே 5 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை இன்னும் நுட்பமானது. கிறிஸ்துவின் பாடுகளோடு தன்னை இணைக்க ஒருவர் தாமாகவே மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ள விரும்பலாம், ஆனால் அதைப் பொது விதியாக யார்மேலும் சுமத்தக்கூடாது என்கிறது. நடைமுறையில் என் கருத்து: வலி தாங்காமல் துடிப்பவரால் ஜெபிப்பது கடினம். அளவான மருந்து, ஜெபிக்கத் தேவையான தெளிவை மீட்டுத் தருகிறது. மருந்தை மறுப்பவரிடம் காரணத்தை மெல்லக் கேளுங்கள். பல நேரம் பக்தி அல்ல, மருந்துக்கு அடிமையாகிவிடுவோமோ என்ற பயம் அல்லது இது எனக்குத் தண்டனை என்ற எண்ணம். முதலாவதை மருத்துவர் தீர்ப்பார். இரண்டாவதற்கு, குருடனாய்ப் பிறந்தது அவன் பாவத்தினாலோ பெற்றோர் பாவத்தினாலோ அல்ல என்று இயேசு சொன்ன யோவான் 9:3 வேண்டும்.

நோயில் பூசுதலையும், அதாவது குரு நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் கத்தோலிக்கச் சடங்கையும், பாடத்தில் சேருங்கள். பழைய வழக்கில் "அவஸ்தைப் பூசுதல்" என்று சொன்னதால், குருவானவர் வந்தாலே சாவு வந்துவிட்டது என்று வீட்டார் பயந்து கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுகிறார்கள். அப்போது நோயாளிக்கு நினைவே இருக்காது. கடுமையான நோய் தொடங்கும்போதே பெறலாம், நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய், யாக்கோபு 5:14 அடிப்படை. பூசுவது குரு மட்டுமே, உங்கள் குழு ஜெபிக்கலாம்.

---

சங்கீதம் 88

மூன்றாவது கேள்வி. பிரியும் இடம் திருப்பலி. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1562 செப்டம்பரில், சிலுவையில் ஒப்புக்கொடுக்கப்பட்ட அதே கிறிஸ்து இரத்தம் சிந்தாத முறையில் திருப்பலியில் ஒப்புக்கொடுக்கப்படுகிறார், அது பாவப் பரிகாரப் பலி என்று வரையறுத்தது. லூத்தரன்களின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை, 24-ஆம் கட்டுரையில், உயிரோடிருப்பவர்க்கும் மரித்தோர்க்கும் பாவம் போக்கும் பலியாகத் திருப்பலியைக் கொள்வதை அதற்கு முன்பே மறுத்திருந்தது. இந்த வேறுபாட்டை வகுப்பில் இரண்டு நிமிடத்தில் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். தீர்க்க முயல வேண்டாம்.

ஆனால் நோயாளியின் படுக்கையருகே நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நெருக்கமாக நிற்கிறீர்கள். அந்த ஆக்ஸ்பர்க் அறிக்கைக்கு லூத்தரின் உடனுழைப்பாளர் மெலாங்க்தன் எழுதிய விளக்கவுரை பலியை இரண்டாகப் பிரிக்கிறது. பாவத்துக்குப் பரிகாரமான பலி ஒன்றே, அது கிறிஸ்துவின் மரணம். மற்றவை எல்லாம் நன்றிப்பலி. அந்த இரண்டாம் பட்டியலில் ஜெபம், ஸ்தோத்திரம், நற்செய்தி அறிவித்தல் ஆகியவற்றோடு பரிசுத்தவான்களின் உபத்திரவங்களையும் அவர் பெயர் சொல்லிச் சேர்க்கிறார். ஆகவே "என் வேதனை என் பாவத்தைத் தீர்க்கிறது" என்று சொல்லாதவரை, "என் வேதனையில் என்னைத் தேவனுக்குக் கொடுக்கிறேன்" என்று சீர்திருத்தச் சபை விசுவாசியும் நெருடலில்லாமல் சொல்லலாம்.

1518 ஏப்ரலில் ஹைடல்பர்க் விவாதத்துக்காக லூத்தர் எழுதிய 21-ஆம் கூற்றை மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகிமையின் இறையியலாளன் தீமையை நன்மை என்றும் நன்மையைத் தீமை என்றும் சொல்கிறான், சிலுவையின் இறையியலாளன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான் என்பது அதன் சாரம். புற்றுநோயை "ஆசீர்வாதம் மாறுவேடத்தில்" என்று சொல்லக்கூடாது. அது நோய்.

நோயாளி புலம்பினால் தடுக்காதீர்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம், சொல்லிக்கொடுக்க ஏற்றது: கூப்பிடுதல், முறையிடுதல் ("எதுவரைக்கும்" என்று நான்கு முறை), கேட்டல், கடைசியில் நம்பிக்கை. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் ஆறாம் வசனத்துக்கு வந்துவிட மாட்டார்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதை வாசித்தபின் ஆறுதலாக இருக்கட்டும் என்று 23-ஐ ஒட்டவைக்காதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள். வாய் திறந்தபிறகுதான் 42:7-இல் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

---

வேதபாடக்குழு

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. மாவுப் பலியும் எப்பாப்பிரோதீத்துவும் எனக்கு முழுக்கப் புதிது. இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டில் அடிவாங்கும் பெண்களைச் சந்திக்கும்போது "இது நீங்கள் சுமக்க வேண்டிய சிலுவை" என்று குழுவில் சிலர் சொல்லிவிடுகிறார்கள். 1 பேதுரு 2-ஐ ஆதாரம் காட்டுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

---

கடுகுவிதை

அப்படிச் சொல்வதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இது உயிர் போகும் விஷயம்.

1 பேதுரு 2:18-இல், அநியாயமாய்ப் பாடுபட்டாலும் பொறுத்துக்கொள்ளும்படி பேசப்படுவோர் வீட்டு அடிமைகள். வெளியேறும் வழி அவர்களுக்குச் சட்டத்திலேயே இல்லை. வழி அடைபட்டவர்களுக்குச் சொன்ன ஆறுதலை, வழி இருப்பவர்களுக்குப் பூட்டாக மாட்டக்கூடாது. அடிப்பவனுக்கு அந்தப் பகுதி எந்த உரிமையும் தரவில்லை. 3:7 புருஷனைப் பார்த்து, மனைவிக்குக் கனம் செய், இல்லாவிட்டால் உன் ஜெபம் தடைபடும் என்று எச்சரிக்கிறது. இதையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு.

லூக்கா 9:23-இல் சிலுவையை "எடுத்துக்கொண்டு" என்று இருக்கிறது. எடுப்பவர் சீஷர், காரணம் இயேசுவைப் பின்பற்றுவது. ஒருவன் குடித்துவிட்டு இன்னொருவர் முதுகில் ஏற்றுவது இந்த வசனத்தில் இல்லை. இயேசுவே பலமுறை விலகிப் போனார்: நாசரேத்தில் மலைவிளிம்பிலிருந்து (லூக்கா 4:30), தேவாலயத்தில் கல்லெறியிலிருந்து (யோவான் 8:59), மறுபடியும் யோவான் 10:39, 11:54. பவுல் கூடையில் இறங்கித் தப்பினார், வாரினால் அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). இரண்டாம் நூற்றாண்டு ஆயர் பொலிக்கார்ப்பின் இரத்தசாட்சியைப் பதிவுசெய்த ஆதிச்சபை ஆவணம், தானாக முன்வந்து சிக்கிப் பிறகு மறுதலித்த குவிந்து என்பவனைக் குறிப்பிட்டு, தங்களைத் தாங்களே ஒப்படைப்போரை நாங்கள் புகழ்வதில்லை என்று எழுதுகிறது. பொலிக்கார்ப்போ முதலில் ஊருக்கு வெளியே ஒதுங்கி இருந்தவர். துன்பத்தைத் தேடிப் போவது சாட்சி அல்ல என்று இரத்தசாட்சிகளின் காலத்திலேயே சபைக்குத் தெரிந்திருந்தது.

கத்தோலிக்கப் பெண்கள் "திருமணம் அருளடையாளம், பிரியக்கூடாது" என்று தயங்கினால் திருச்சபைச் சட்டம் 1153-ஐச் சொல்லுங்கள். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ மனதிலோ கடும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ அது இடம் தருகிறது. தாமதம் ஆபத்தென்றால் ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமாகவே பிரியலாம் என்றும் சொல்கிறது. பிரிந்து வாழ்வது திருமண முறிவு ஆகாது.

சந்திக்கப் போகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள். கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமரசம் பேசாதீர்கள். அங்கே அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரவில் விலை கொடுப்பாள். அவள் சொன்னதை ஜெபக்குறிப்பாகக்கூட வேறிடத்தில் சொல்லாதீர்கள். இப்போதே மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தாதீர்கள். மன்னிப்பது திரும்பிப் போவதும் அல்ல. பாதுகாப்பான இடம், மருத்துவர், சட்ட உதவி ஆகியவற்றை முதலில் கேளுங்கள், ஜெபம் அதோடு சேர்ந்து வரட்டும். கணவன் மனந்திரும்பிவிட்டேன் என்று வந்தால், லேவி வாசகன் எழுதிய குற்றநிவாரணபலியைத் திறந்து காட்டுங்கள். முதலும் ஐந்தில் ஒரு பங்கும் முதலில், ஆட்டுக்கடா பிறகு.

---

லேவி வாசகன்

நான்காம் வாரத்துக்கு ஒரு சேர்க்கை மட்டும். எபிரெயர் 13:15-16. ஒரே பலி என்று அவ்வளவு அழுத்திச் சொன்ன அதே நிருபம் கடைசியில் "பலிகள்" என்று பன்மையில் பேசுகிறது. அவை எவை என்றால் ஸ்தோத்திரம், நன்மை செய்தல், உள்ளதைப் பகிர்தல். மூன்றிலும் வலி என்ற சொல் இல்லை. நோயாளியைக் கவனித்துக் களைத்துப்போன வீட்டாரையும் அந்த வாரம் அழையுங்கள். வகுப்பின் கடைசிக் கால்மணி நேரத்தில் ஒரு தாளைச் சுற்றி அனுப்பி, யார் எந்த இரவு நோயாளியின் அருகில் இருந்து அவர்களைத் தூங்கவிடுவது என்று பெயர் எழுதி வாங்குங்கள்.